இரண்டு மரக்கால்

களத்துக்குள் பெண் வரக்கூடாது.
அதனால் நீ வாய்க்கால் வரம்பில் நின்றாய்,
தலைச்சும்மாட்டை அவிழ்க்காமல்,
என்னைப் பார்க்காமல்.

நான் குத்தகைக்காரரின் ஆள்.
பத்திலொன்று மகாராணிக்கு,
அதற்குமேல் கொஞ்சம் அவருக்கு,
அவர் கையில் சிந்தியது எனக்கு.
என் சாக்கில் மரக்கால் இரண்டு:
விளைவை எண்ணச் சின்னது,
வரியை எடுக்கப் பெரியது.
இரண்டும் ஒரே முதிரை, ஒரே பூண்,
கைபட்டுக் கைபட்டு ஒரே கறுப்பு.
கண்ணுக்குத் தெரியாது.
கண்ணுக்குத்தான் தெரியாது.

மாரி பாதியில் விட்டுப்போன வருசம்.
நாவற்குளத்தில் ஆமை நடந்த தடம்
சேற்றோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது.
"பொலி, பொலி" என்று அள்ளினேன்;
களத்தில் வேறு சொல் ஆகாது.
நீயோ களத்துக்கு வெளியிலும் பேசாதவள்.
உமையாத்தை என்று கூப்பிட்டால்
பெருவிரலால் மண்ணைக் கீறுவாய், அவ்வளவுதான்.
அந்தக் கீறலைப் பார்க்கத்தான்
தாகமில்லாமல் இரண்டுதரம் தண்ணீர் கேட்டேன்.

அள்ளியும் பாக்கி நின்றது.
பாக்கிக்கு வயலை ஏலம் கூறினார்கள்.

முள்ளியவளையில், புளியமரத்தின் கீழ்,
ஏசண்டுத் துரையின் மேசை.
உன் அப்பருக்குக் காய்ச்சல். நீ வந்தாய்.
ஏதோ சொன்னாய்.
"உரத்துச் சொல்" என்றான் துப்பாசி.
மறுபடி சொன்னாய்.
"கேக்கேல்லை."
உன் கழுத்து நரம்பு எழும்பியதைக் கண்டேன்.

"நெல்லு விழுற சத்தம் ரெண்டு விதமாக் கேட்டது."

விதானையார் வெற்றிலையோடு சிரித்தார்.
நீ நிறுத்தவில்லை.
"ஒண்டு கெதியா நிறைஞ்சுது.
மற்றது நிறைய நேரமெடுத்தது.
மரக்கால் ரெண்டு, ஐயா.
ஒண்டை மற்றதுக்குள்ள கொட்டச் சொல்லுங்கோ."

ஐயா என்றது துரையை.
பார்த்தது என்னை.
முதல் தடவையாக.

சாக்கில் ஒன்றுதான் என்று சொல்ல
எனக்கு முதல்நாளே கூலி தந்திருந்தார்கள்.
அந்தக் காசு மடியில் கிடந்தது.
நான் சாக்கை அவிழ்த்தேன்.
வீரம் என்று யாரும் எழுதவேண்டாம்;
கை நடுங்கி அரைவாசி நெல் வெளியே போனது,
திரும்ப அள்ளி, திரும்பக் கொட்டினேன்.
பெரியது நிறையவில்லை.
நாலு விரல் பள்ளம்.
துரை தன் விரலை விட்டுப் பார்த்தார்.

குத்தகைக்காரருக்கு ஐம்பது ரூபாய் தண்டம்;
மத்தியானத்துக்குள் கட்டிவிட்டுப் போனார்.
எனக்கு மூன்று மாதம்,
முல்லைத்தீவில், உப்புக் காற்றில், கல்லுடைக்க.
உங்கள் வயலில் பாதி திரும்பியது.
மற்றப் பாதியை ஏலத்தில் எடுத்தவன்
இன்னும் விடவில்லை.
நீயும் விடவில்லை என்று
கடலுக்கு வந்த வண்டிக்காரர் சொன்னார்கள்:
மாதம் ஒரு மனு,
எழுதத் தெரிந்தவனைப் பிடித்திருத்தி
நீ சொல்லச் சொல்ல.

வெளியே வந்து காட்டுப்பாதையில் நடந்தேன்.
ஆளைக் காணுமுன் குரல் கேட்டது,
எருமைகளை அதட்டி, குளத்தின் அக்கரைவரை.
உன் குரல்தானா என்று நின்று கேட்டேன்.

மன்னிப்பைச் சிறையிலேயே
சொல் சொல்லாய் அடுக்கி வைத்திருந்தேன்.
வாயைத் திறக்கவும் கை காட்டினாய்.
"அளந்து கொண்டுவந்த கதை வேண்டாம்.
அளக்காமல் ஒண்டு சொல்லு."

ஒன்றும் வரவில்லை.
குனிந்து பார்த்தேன்,
என் பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

நீ பார்த்தாயோ தெரியாது.
கடாரி ஒன்று கட்டேறி
பயிர்ப்பக்கம் திரும்பியது.
"அந்தப் பக்கத்தால மறி" என்றாய்.

மறித்தேன்.