மூன்று சுவிட்சும் நிரபராதி

சாவியைத் திருப்பியதும் அலறுகிறது.
எஞ்சின் இன்னும் சுழலவே இல்லை.
இரவெல்லாம் பாவுச்சா தக்காவில் கிடந்த இரும்பு,
தொட்டால் மீன்பெட்டிப் பனிக்கட்டிக்குத் தம்பி.
ஆனாலும் வெந்துபோனேன் வெந்துபோனேன் என்று
ஊளையிடுகிறது நாற்பது குதிரை.

சுலக்ஷா தாண்டேல் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.
கழற்றிய வெப்ப சுவிட்சுகள் இரண்டு,
நாக்தேவி தெரு ரசீதுகளோடு.
மாட்டியிருப்பது மூன்றாவது.
"எல்லாம் பொய் சொல்லுது" என்றாள்,
கடலை விட்டுவிட்டு என்னைப் பார்த்து.

டாக்யார்ட் ரோட்டில் இறங்கி நடந்து வந்தவன் நான்.
பையில் மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர்,
ஆறிப்போன நாலு இட்லி.
முதல் வேலையாய்
சுவிட்சிலிருந்து பழுப்பு ஒயரைப் பிடுங்கினேன்.
அலறல் நிற்கவில்லை.

வழக்கு பாதி அங்கேயே முடிந்தது.
உறவை அறுத்த பிறகும் ஹாரன் அழுதால்
அழவைப்பது வேறு யாரோ.
சொன்னேன். நம்பவில்லை.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்த பிறகு
நிரபராதி என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆகவே முக்தாரின் டீக்கடையில்
ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கினேன்.
மாட்டியிருந்ததையும் கழற்றி
ஒவ்வொன்றாய்க் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
மீட்டரின் ஒரு கம்பி ஒயர் முனையில்,
மற்றது அதன் பித்தளை உடம்பில்.
எழுபது. மௌனம்.
எண்பது. மௌனம்.
தேவ்ராம் வலையைப் போட்டுவிட்டு வந்து குனிந்தான்,
கூடவே மீன்கூடை சுமக்கும் இரண்டு பேர்,
யாருடையதென்று தெரியாத ஒரு நாய்.
தொண்ணூற்று மூன்றில் மீட்டர் 'கீ' என்றது.
தூக்கி ஆறவிட்டேன்,
எழுபத்தைந்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது.
அடுத்தது தொண்ணூற்று ஒன்று.
அதற்கடுத்தது தொண்ணூற்று நாலு.

பிறகு ஒயரோடு விரலை நடக்கவிட்டேன்.
காயிலைத் தாண்டி, எஞ்சின் மடியில்,
யாரோ இறுக்கிய ஒரு கிளாம்ப்.
அதன் அடியில் தோலுரிந்த செம்பு
எஞ்சினின் உடம்போடு ஒட்டிக்கொண்டு,
பச்சையாய் உப்புப் பூத்து.
"இது யார் போட்ட கிளாம்ப்?"
சுலக்ஷா பதில் சொல்லவில்லை.
சற்றுத் தள்ளி அவள் புருஷன்
ஏற்கெனவே சரியாயிருந்த முடிச்சொன்றை
மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

வெட்டி, ஒட்டி, உறை சுற்றிச் சாவி திருப்பினேன்.
ஹாரன் ஒருமுறை சும்மா கிள்ளியதுபோல் கத்தி
அடங்கியது.
ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம்.

எலிஃபண்டாவுக்குப் பாதி வழியில்
மறுபடி.

"பார், திரும்பப் பொய்!" என்று
தேவ்ராம் கட்டிங் பிளையரை எடுத்தான்,
ஒயரை நறுக்கிவிட.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
நான் தடுக்கவில்லை.
என் சுற்றல் எங்கே பிசகியது என்று
கிளாம்ப் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுலக்ஷாதான் பின்னால் பார்த்தாள்.
எஞ்சின் பக்கவாட்டில் எப்போதும் பீய்ச்சும் நீர்த்தாரை
இல்லை.
ஒரு வார்த்தை பேசாமல் சாவியை அணைத்தாள்.
மூடியைத் தூக்கி, விரலில் எச்சில் தொட்டு
சிலிண்டர் தலையில் வைத்தேன்.
சுர்.

எஞ்சினைச் சாய்த்தோம்.
தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் அப்பிக்கொண்டு
ஒரு பால் பாக்கெட்,
தேதிகூட அழியவில்லை:
செவ்வாய்க்கு முன் பயன்படுத்தவும்.

ஆறட்டும் என்று முக்கால் மணி மிதந்தோம்.
ஒரு பெரிய கப்பல் எங்களைத் திட்டிக்கொண்டு போனது.
இட்லியை மூன்று பேரும் பிய்த்துத் தின்றோம்.
தேவ்ராம் பிளையரை
யாரும் பார்க்காத நேரம் பார்த்து உள்ளே வைத்தான்.
பிஸ்கட் டப்பாவை அவள் கடலில் எறிவாள் என்று நினைத்தேன்;
மூடியை அழுத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

கரையில் முக்தார்
கெட்டில் வாடகை முப்பது ரூபாய் என்றான்.
அந்தத் தண்ணீரில் டீ போடவில்லை என்று
மகன்மேல் சத்தியம் செய்தான்.
வாங்கிக் குடித்தேன்.
லேசாகப் பித்தளை.