விலக்குப் பட்டியல்

புவேர்ட்டோ மோன்ட்டில் ஏழாம் நாளாக மழை.
தகரக்கூரை பேசிக்கொண்டே இருந்ததால்
கூட்டத்தில் வேறு யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

வேலை இதுதான்:
சால்மன் கம்பெனியின் பழைய டேட்டாபேஸுக்கும்
சாந்தியாகோவில் வாங்கிய புதுத் தரவுப் பட்டியலுக்கும்
நடுவே ஓர் இணைப்பி.
விலைக்குக் கிடைத்த இணைப்பிகள் எல்லாம்
இந்தக் கிழட்டு யந்திரத்தின் கதவைத் தட்டிப் பார்த்து
‘அறியாத வகை’ என்று திரும்பிவிட்டன.
ஆகவே நான்.

இணைப்பி மீனைத் தொடாது.
மீனின் எடையை, கடற்பேனை, சாவைத் தொடாது.
வீட்டுக்குள் நுழையாமல்
வாசல் பலகைகளை மட்டும் வாசித்துப் போகும்
தபால்காரன் அது:
அட்டவணையின் பெயர், நெடுவரிசையின் பெயர்,
எண்ணா எழுத்தா, காலியாக விடலாமா,
யார் உண்டாக்கியது, என்றைக்கு,
எதிலிருந்து எது வந்தது.
அவ்வளவே.
ஒப்பந்தத்திலும் அப்படித்தான், தடித்த எழுத்தில்.

முதல் வாரம் ஒன்றும் வரவில்லை.
இரண்டாம் வாரம் எல்லாம் இரண்டிரண்டாக வந்தன.
தலையில் நெளி போட்ட எங்கள் எழுத்து
வழியில் நெளியைத் தொலைத்துவிட்டு வந்ததில்
‘ஆண்டு’ என்ற நெடுவரிசை
உட்காரும் உறுப்பொன்றின் பெயராகி நின்றது.
பாவ்லினா பர்ரீயா சிரித்த சிரிப்பில்
மாத்தே கொட்டி ஒரு கீபோர்டு செத்தது.

மூன்றாம் வாரம், வியாழன், ஓடியது.
ஆயிரத்து நூற்று நாற்பது அட்டவணைகள்.
அம்புக்குறிகள் திரை முழுக்கக் கிளைத்தன,
குட்டையைக் கலக்கியதும் எழும் வேர்களைப்போல.

அங்கே ஒரு அட்டவணை:
இறப்பு_2_கடைசி_நிஜமாகவே_கடைசி.
அதில் ஒரு நெடுவரிசை: ‘மற்றவை’.
அதன் மாற்றப் பதிவில் ஒரே ஒரு வரி.
மார்ச் மூன்று, அதிகாலை இரண்டு பதினேழு வரை
அதன் பெயர்
‘மூச்சுத்திணறல்’.

நான் ஒரு மீனையும் பார்க்கவில்லை.
எத்தனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
பெயர் மாறிய நேரம் மட்டும் தெரியும்.

பாவ்லினாவின் தம்பி
அந்தக் கூண்டுகளில் முங்கிச்
செத்ததை அள்ளுபவன்.
‘அந்த மார்ச்சில் பத்து நாள் வீட்டுக்கு வரல.
வந்தப்புறம் கைவாடை போகவே இல்ல’ என்றாள்,
திரையைப் பார்க்காமல்.

மாலை எர்வின் வீடர்ஹோல்ட் வந்தார்.
எதையும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
‘இதில் விலக்கு வசதி உண்டுதானே, யஸ்னா?’

உண்டு. எந்த இணைப்பியிலும் உண்டு.
‘இறப்பு’ என்று தொடங்கும் எதையும் விட்டுவிடு
என்று சொல்ல ஒரு வரி போதும்.
முழுப் பூசணிக்காய்க்கு
ஒரு கவளம் சோறு,
ஒரு நட்சத்திரக் குறி.

எழுதினேன்.
வீட்டு வாடகை, அது இது என்று
காரணம் சொல்லப் போவதில்லை. எழுதினேன்.
மறுபடி ஓடியது. ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று.
ஒன்பது குறைவு.
‘சுத்தமாக இருக்கிறது’ என்று
தோளைத் தட்டிவிட்டுப் போனார் எர்வின்.
அவர் குடையை மறந்துவிட்டிருந்தார்.

ஆனால் பட்டியல் ஒரு பெருந்தீனிக்காரன்.
தனக்கு ஊட்டும் கையையும்
ஒரு பொருளாகக் குறித்துக்கொள்ளும்:
இணைப்பி, பதிப்பு 0.3. விதி சேர்க்கப்பட்டது.
சேர்த்தவர் யஸ்னா ஒயார்சோ.
நேரம் மாலை ஆறு நாற்பது.
காரணம்: ______
காலியாக விடலாமா? கூடாது.

அந்தக் ‘கூடாது’வும் நான் வைத்ததுதான்.
ஒன்றுமே வராத அந்த முதல் வாரத்தில்,
பொழுது போகாமல்.

‘எர்வின் கேட்டார்’ என்று தட்டினேன்.
இரண்டே சொல். சேமி.

திங்கள் காலை ஆறு மணிக்கு
அது தானாகவே ஓடும்.
சாந்தியாகோவிலோ, இங்கே துறையிலோ
யாராவது தேடல் பெட்டியில் ‘இறப்பு’ என்று இட்டால்
பதில் உடனே வரும்:

அட்டவணைகள் – பூஜ்யம்.
விலக்குகள் – ஒன்று.