ஒரு சாண் மதில்

பால்தஸாரே மாவு மூட்டைகளை நகர்த்தியபோது
தரை கறுப்பும் வெள்ளையுமாய் இருந்தது.
சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட
ஒரு ஞாயில் தெரிந்தது,
பக்கத்தில் இன்னொன்று.
அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்,
ரவென்னாவிலிருந்து, மூன்றாம் வகுப்பு ரயிலில்,
நாற்பது பல்துலக்கும் பிரஷ்ஷோடு.

அறையின் நான்கு ஓரமும் மதில்.
உயரம் ஒரு சாண்.
நகத்தளவு கறுப்புக் கற்களால்
எவனோ ஒரு நகரத்தைச் சுற்றி அடைத்திருக்கிறான்.
உள்ளே வீடில்லை, சந்தையில்லை,
வெறும் வெள்ளை, நடுவில் ஒரு மீன்.
அந்த நகரத்துக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்து
எட்டு வாரம் மதிலைக் குளிப்பாட்டினேன்.

கோபுரம் பதினாறு.
"நிஜ மதிலுக்கு ஒன்பதுதான்" என்றார் ஃபியோரென்ஸோ,
ஊர் முழுக்க அஸ்திவாரம் தேடித் திரிந்தவர்.
அந்த ஒன்பதும் எங்கே?
ஆயர் மாளிகையில் பாதி,
ரயில் பாலத்துக்கு அடியில் மீதி,
"கொஞ்சம் என் பன்றிக் கொட்டிலில்" என்றார்
வெட்கப்படாமல்.
கூடுதலாக ஏழு கோபுரத்துக்கு யார் செலவு?
விருந்தாளிகள் குடித்த பின் எண்ணமாட்டார்கள்
என்ற தைரியம்தான் கட்டியது.

மூன்று வாயில்கள் சாத்தியிருந்தன,
கதவின் ஆணிக்குமிழ்கூடத் தெரியும்.
நான்காவதில் இரு கதவுக்கும் இடையே
மூன்று வெள்ளைக் கல்.
கறுப்பு தீர்ந்துபோயிருக்கும், ஃபியோரென்ஸோ சொன்னார்.
பொழுது சாய்ந்திருக்கும், இது நான்.
பால்தஸாரேவின் மனைவி இர்மா
ரொட்டித் தட்டோடு படியில் நின்றபடி
"யாரோ இன்னும் வீடு வந்து சேரவில்லை" என்றாள்.
அவள் மகன் ரஷ்யப் பனிக்குப் போனவன்,
எட்டு வருடமாய்க் கடிதமில்லை என்பது
எனக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

அந்த வாயிலுக்கு நேரெதிரே தரை சிவந்திருந்தது.
கூரை விழுந்த பிறகு வந்தவர்கள்
அங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.
ஊர் எரிந்த நெருப்பில்லை அது,
கஞ்சி கொதித்த நெருப்பு.
உழிஞை சூடி ஒருவனும் வரவில்லை,
நொச்சி சூடி ஒருவனும் நிற்கவில்லை.
மதிலைப் பார்த்தபடி யாரோ சாப்பிட்டுவிட்டுத்
தூங்கப் போயிருக்கிறார்கள்.

பேக்கரிப் பூனை ஒருநாள் மதில்மேல் நடந்தது.
எந்தப் பக்கம் குதிக்கும் என்று காத்திருந்தேன்.
குதிக்க உயரமில்லாத மதிலில்
பூனைக்கு ஒரு சந்தேகமும் இல்லை.
நேரே போய்
மீன்மேல் படுத்துக்கொண்டது.

மார்ச்சில் பெயர்த்தோம்.
முகத்தில் துணி ஒட்டி, முயல்தோல் பசை நாற,
கண்கட்டிய நகரத்தை
இருபத்திரண்டு துண்டாக.
பதினொன்றாவது, அந்த நான்காம் வாயில்,
படிக்கட்டில் திரும்பவே இல்லை.
இரண்டாக அறுத்துவிடலாம் என்றார்கள்.
அறுப்பு அந்த மூன்று கல் வழியாகப் போகும்.
முடியாது என்றேன்.
குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பால்தஸாரே என்னைப் பார்த்தார்,
இர்மாவைப் பார்த்தார்,
சுத்தியலை எடுத்து
தெரு பள்ளமாகும் பக்கம்
தன் சுவரைத் தானே இடித்தார்.
சனிக்கிழமை ரொட்டிக்குள் மூடிவிட வேண்டும்,
அதுதான் நிபந்தனை.

நால்வர் சேர்ந்து மதிலைத் தூக்கி
சுவரின் ஓட்டை வழியே வெளியே வந்தோம்.
ஐந்தாவதாய் இர்மா கை கொடுத்தாள்,
வாயில் இருக்கும் பக்கம்.

இப்போது அது அருங்காட்சியகத்தில்
செங்குத்தாகத் தொங்குகிறது.
காலடியில் கிடந்த மதில்
முதல்முறையாக நிமிர்ந்து நிற்கிறது.
மீன் தலைகீழ்.
சீட்டு வாங்கியவர்கள் கோபுரம் எண்ணுகிறார்கள்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன்.
பேக்கரிச் சுவரை மூடியிருக்கிறார்கள்,
முழுதாக இல்லை.
ஒரு கை நுழையும் இடைவெளி,
அதன் வழியே விடியற்காலை ரொட்டி வாசம்
தெருவுக்கு வருகிறது.
செங்கல் தீர்ந்துபோய்விட்டது
என்கிறார் பால்தஸாரே.