பதினைந்து மதிப்பெண்

முதல் முறை எழுதியதை
ஹெப்சிபா மேடம் திருப்பித் தந்தார்.
ஓரத்தில் சிவப்பு மையில்:
"இவை பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு கதைகள்.
ஒப்பீடு எங்கே?"

மறுபடி உட்கார்ந்தேன், வியாசர்பாடி வீட்டில்,
கொடியில் காயாத துணி
தீர்ப்பின் மேல் சொட்டாதபடி நகர்ந்து நகர்ந்து.
அளவுகோல் வைத்து நான்கு கட்டம்:
சங்கதி, எழுவினா, தீர்ப்பு, காரணம்.

மங்கையர்க்கரசி எதிர் மாநகராட்சி.
கணவர், நவம்பர் மழை, இரவு ஒன்பதரை,
மூடியில்லாத வடிகால்.
ஷம்ஷாத் பேகம் எதிர் மாநகராட்சி.
மகன். அதே நவம்பர். அதே மூடி,
அதாவது, அதே இல்லாத மூடி.
முன்னவருக்கு ஒன்பது லட்சம், வட்டியோடு.
பின்னவருக்கு மனு தள்ளுபடி.
செலவுத்தொகை இல்லை.

தெருவிளக்கு? இரண்டிலும் எரியவில்லை.
தண்ணீர்? இரண்டிலும் முழங்கால்.
குடித்திருந்தாரா? இரண்டிலும் கேட்டிருக்கிறார்கள்.
இரண்டிலும் இல்லை.
பத்தி பத்தியாக இறங்கிய பென்சில்
பதினேழில் தட்டி நின்றது:
"குழியில் வேப்பங்கிளை ஒன்று நடப்பட்டு
நுனியில் சிவப்புத் துணி கட்டப்பட்டிருந்ததை
மனுதாரர் தரப்புச் சாட்சியே ஒப்புக்கொள்கிறார்.
எனவே, போதிய எச்சரிக்கை இருந்தது."

கிளை.
ஒன்பது லட்சத்துக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவே
இலையோடு ஒரு கிளை.
யாரோ ஒரு ஆட்டோக்காரர், டீ மாஸ்டர்,
இன்னொருவர் விழக்கூடாதென்று
நனைந்துகொண்டே நட்டுவிட்டுப் போனது
மாநகராட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

கொசுவர்த்தி வாங்கக் கீழே இறங்கினேன்.
தெருமுனையில் நேற்றுத் தோண்டிய குழி
நீர் நிரம்பித் தரையைப் போலவே நடித்தது.
பக்கத்தில் ஒடிந்து கிடந்தது முருங்கை.
எடுத்துவிட்டேன். கை அப்படியே நின்றது.
நட்டால், நாளை ஒருத்தியின் மனு தள்ளுபடியாகலாம்.
நடாவிட்டால், அவள்
மனுப் போட வேண்டி வரலாம்.
பின்னால் ஒரு ஸ்கூட்டி ஹாரன் அடித்தது.

நட்டேன்.
சிவப்புத் துணி இல்லை.
கடைக்காரர் தந்த மஞ்சள் பையைக் கட்டினேன்,
கொசுவர்த்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

மாடியேறி வந்து
ஐந்தாவதாக ஒரு கட்டம் இழுத்தேன்.
அளவுகோல் கட்டிலுக்கடியில் போய்விட்டது,
கோடு கோணல்.
தலைப்பு: இரண்டு தீர்ப்பும் கேட்காதது.
கீழே: கிளையை நட்டது யார்?
மாநகராட்சியா, வழிப்போக்கரா?

இதற்கு மேடம் மதிப்பெண் போடுவாரா, தெரியாது.
தாளைத் திருப்பும்போதுதான் பார்த்தேன்,
பதிலுக்கு விட்ட இடத்தில்
என் கட்டைவிரல்
பச்சையாகப் பதிந்திருந்தது.