புள்ளி ஒன்று வோல்ட்

சட்டைப்பையில் அடங்கும் 555 நோட்டு.
தேதி, லிட்டர், ஓடிய தூரம்.
ஈசூனிலிருந்து துவாசுக்கு முப்பத்தொன்று,
வேலை முடிந்து திரும்ப முப்பத்தொன்று.
வகுத்தால் லிட்டருக்கு முப்பத்தெட்டு.
இரண்டு வருடம் அந்த எண்
சொன்ன இடத்தில் நின்றது.

பிப்ரவரியில் முப்பத்தைந்து.
எதிர்காற்று என்று பக்கத்தில் எழுதினேன்.
மார்ச்சில் முப்பத்திரண்டு.
டயரில் காற்று குறைவு என்று எழுதினேன்,
அழுத்திப் பார்க்காமலேயே.
ஏப்ரலில் பழியைத் தொப்பைமேல் போட்டேன்,
சீனப் புத்தாண்டு அன்னாசி டார்ட்டுகள்
இன்னும் இறங்கவில்லை என்று.
ஜூலையில் இருபத்தொன்பது.
பக்கத்தில் எழுத
ஒன்றும் அகப்படவில்லை.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.
உறுமல் அதே உறுமல்.
புகைக்குழாய் வாயில் மட்டும்
விரல் வைத்தால் மை.
இரவு ஷிப்டு முடிந்து வந்த இந்திராணி
என் சட்டையை வாஷிங் மெஷினில் போடுமுன் முகர்ந்தாள்.
"பெட்ரோல் ஸ்டேஷன்லயா படுத்துக் கெடந்தீங்க?"

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
ஹஸ்லினா மண்டியிட்டு
புகைக்குழாயின் கழுத்தில் டார்ச் அடித்தாள்.
சுண்டுவிரல் நீளம் ஒரு பித்தளை நிறத் திருகு,
வால்போல் ஒரு வயர்.
உள்ளே போவதை இது பார்க்காதாம்.
எரிந்து வெளியேறுவதை மட்டும் முகருமாம்.
அதில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று சொல்ல,
அதை நம்பி
அடுத்த சொட்டை அளக்குமாம் மூளை.

முதலில் வேறொருவரின் வண்டியில் மீட்டரைக் கோத்துக் காட்டினாள்.
புள்ளி ஒன்று, புள்ளி எட்டு,
புள்ளி இரண்டு, புள்ளி ஒன்பது.
மெலிவு, கொழுப்பு, மெலிவு.
ஓரிடத்தில் நிற்கவில்லை.
"இப்படித் தடுமாறுதே, இதுதானே கோளாறு?" என்றேன்.
சிரித்தாள்.
"ஆடினா உயிரோட இருக்கு, பாங்."

பிறகு என் வண்டி.
புள்ளி ஒன்று.
முறுக்கினேன். ஊர் அதிர்ந்தது.
புள்ளி ஒன்று.
கையை விட்டேன்.
புள்ளி ஒன்று.
எத்தனை அமைதி.
"மாத்தி," என்றாள்,
மொழிபெயர்க்கத் தேவையில்லாத குரலில்.

ஆக, இத்தனை நாளும்
போதாது போதாது என்று ஒரே சொல்லை
உளறிக்கொண்டிருந்திருக்கிறது செத்த நாக்கு.
ஒருமுறைகூடச் சந்தேகப்படாமல்
மூளை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.
யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை.
கேட்டதையா, கொடுத்ததையா?

கோப்பிக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
லிட்டர் இரண்டு வெள்ளி எண்பத்தெட்டு காசு.
நாளுக்கு அரை லிட்டர் வீண்,
அதாவது ஒரு வெள்ளி நாற்பதும் சில்லறையும்,
அதாவது என் முன்னே ஆறிக்கொண்டிருந்த
இதே கோப்பி-ஓ.
தினம் ஒன்றைக் குழாய் வழியே
விரைவுச்சாலைக்கு வார்த்திருக்கிறேன்.
புதுச் சென்சார் நூற்றுத்தொண்ணூறு வெள்ளி.
ஐந்து மாதத்தில் கைக்கு வந்துவிடும்.
வண்டியின் சிஓஇ முடிய இன்னும் பதினான்கு.
எழுந்துபோய்ச் சரி என்றேன்.
கோப்பியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான்.

பழையதைக் கொண்டுவந்து
சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்,
வேப்பிலைத் தொட்டிக்கும் பாத்திரச் சோப்புக்கும் நடுவே.
மரையெல்லாம் கரி.
"என்ன இது?" என்றாள் இந்திராணி,
சீருடையின் கைக்கடிகாரத்தைக் கழற்றியபடி.
பொய் சொன்னது, என்றேன்.
"எவ்வளவு நாளா?"
ஆறேழு மாசம்.
"ம்," என்றாள். "உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா."
தண்ணீர் குடித்தாள். படுக்கப் போனாள்.

அது கேள்வியா இல்லையா என்று
நின்று யோசித்தேன்.
மெலிவா, கொழுப்பா?
நேற்று அவள் சொன்ன "ம்"மும்
இன்றைய "ம்"மும் ஒன்றுதானா?
நான் தினமும் வாசலில் சொல்லும்
"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"
எத்தனை மாதமாக
புள்ளி ஒன்றில் நிற்கிறது?

நோட்டை எடுத்தேன்.
முப்பத்தேழு புள்ளி ஆறு.
பக்கத்தில் எழுதினேன்: மழை.
உண்மையாகவே பெய்தது.