இரு பெயரும் ஒருவரே

கரண்ட் போய் வந்தது ஒரு தும்மல் நேரம்தான்.
யூ.பி.எஸ்ஸில் இருந்த சிபியூ அசரவில்லை.
நேரே சுவரில் மாட்டிய மொனிட்டர்
கண்ணை மூடியது, அப்படியே போயிற்று.

ஸ்டூலின் நுனியில் தெய்வானை அக்கா.
ஈர ஸ்வெட்டர். மடியில் சீனிப் பை,
அதற்குள் இரண்டு தாள்.
அடையாள அட்டையில் தேவானி,
தோட்டத்துப் பேரேட்டில் தெய்வானை.
முப்பத்தொரு வருச ஈபிஎஃப் காசு
இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக் கிடக்கிறது.
கிராம சேவகர் நாலு மணிக்கு எழும்பிவிடுவார்.
இப்போது மூன்று பத்து.

பிளக்கைக் கழற்றிப் போட்டேன்.
கேத்தலின் சொக்கெட்டில் போட்டேன்.
நீலத் தலைக் கேபிளின் இரண்டு திருகையும்
நகம் மடங்கும்வரை இறுக்கினேன்.
நம் லொக்கைத் தட்டினால் கீபோர்டில்
பச்சைப் பொட்டு வருகிறது, போகிறது:
உள்ளே ஆள் இருக்கிறது. முகம்தான் இல்லை.
கீழ்க்கடை லொத்தர் சீட்டுக்காரர் ஏறி வந்து
பின்பக்கம் ரெண்டு போடச் சொன்னார்.
போட்டேன், அதையும்.

மூன்று இருபத்தைந்து.
ஹட்டனில் ரிஸ்வான் போனை எடுத்தான்.
“பட்டன்ல லைட் பச்சையா, மஞ்சளா?”
“பச்சை.”
“அப்ப படம் ஓடுது. வெளிச்சம்தான் செத்திருக்கு.
கதவைச் சாத்து. டோர்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாரு.”

மிஸ்டு நுழைந்துகொண்டிருந்த கதவைச் சாத்தினேன்.
கண்ணாடியில் முதலில் என் மூக்கு.
பிறகு தூசி, பழைய விரல் தடங்கள்.
இன்னும் சாய்த்ததும்
மவுசாக்கலை வற்றுகிற மாதத்தில்
மூழ்கின கோயில் தலை காட்டுமே,
அப்படிச் சாம்பலாக ஒரு வரி:
மேற்படி தேவானி என்பவரும் தெய்வானை என்பவரும்

அவ்வளவுதான். அதோடு நின்றிருந்தது.

“அதுல நான் இருக்கேனா புள்ள?”
“ரெண்டு பேரும் இருக்கீங்க அக்கா. இதப் புடிங்க.”

அவர் போனைப் பிடித்தார்.
கொழுந்துச் சாயம் போகாத விரல் நடுங்கவேயில்லை.
நான் அடிக்க அடிக்க
வெளிச்சம் ஒரு எழுத்து முன்னால் போய் நின்றது.
ஒருவரே என
உறுதிப்படுத்துகிறேன்.

கொன்ட்ரோல், பி, என்டர்.
பிரின்டர் இருமிவிட்டுத் தாளைத் தள்ளியது.
வாங்கிப் பார்த்தால் நாலாம் வரியில்
தெய்வனை.
மூன்றாவதாக ஒருத்தியைப் பெற்றுவிட்டிருந்தேன்.

பேனையால் திருத்தினால் செல்லாது.
மறுபடி டோர்ச். மறுபடி அந்த வரி.
ஒரு துணைக்காலைத் தேடி
இருட்டில் இரண்டு பெண்கள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு
படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கியது.
காசு வாங்க மறந்துவிட்டேன்.
போனில் ஒன்பது வீதம் சார்ஜ்.
மொனிட்டரின் பச்சைப் புள்ளி,
ஒன்றும் நடக்காததுபோல், எரிந்துகொண்டே.

கதவை நீக்கி ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.
“அக்கா, கடை மூடியா?”

“இல்லடா. உள்ள வா.
உன் போன்ல டோர்ச் இருக்கா?”