மீட்டருக்கு இந்தப் பக்கம்

ஆடிக் காற்றில் சாய்ந்தது.
அடியைத் துரு தின்ற இரும்புக் கம்பம்,
கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கொண்டுபோவது,
கொட்டகை ஓட்டில் தலைவைத்துக் கிடக்கிறது.

லைன்மேன் சேவுகன் வந்தார். தொடவில்லை.
"மீட்டருக்கு அந்தப் பக்கம் வாரியம்.
இந்தப் பக்கம் நீங்க, ஆச்சி."
பியூசைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.
பீங்கானில் இன்னும் சூடு.
சாவிக் கொத்துகளோடு அதையும் வைத்தேன்.

நீங்க என்றால்
பள்ளத்தூரில் இந்த வீட்டுக்குப் பதினாறு பங்கு.
குரூப்பில் படம் போட்டேன்.
பினாங்கிலிருந்து ஒரு கட்டைவிரல்.
மூன்று கொட்டேஷன் கேட்டான் வயிரவன்.
"எந்த வருஷம் நட்டது?" என்றது கோயம்புத்தூர்.
மற்றதெல்லாம் நீல டிக்.

பத்து நாள் வாளியில் இறைத்தேன்.
யாரும் கிட்டே போகாமலிருக்கக் கட்டிய சிவப்புப் புடவை
வெளுத்துவிட்டது.

புதுவயல் வெல்டர் புதுக் கம்பம் நட்டு
கான்கிரீட் ஊற்றி, கை கழுவிக்கொண்டே கேட்டார்:
"பில் யார் பேருக்கு?"
"உமையாள். ஒருத்தி பேருக்கு."

முற்றம் பொது, கிணறு பொது,
பூட்டிய அறைகளின் வௌவால்கூடப் பொது.
கம்பம் மட்டும் என்னுது.

ராத்திரியே வந்தது வயிரவன் பதில்:
"கம்பம் உனக்கு, சரி.
குழி பதினாறு பேருக்கும்."

பியூசை மாட்டினேன்.
மோட்டார் இருமியது.
முதல் தண்ணீர் துரு நிறம்.